காது மடிந்த பூனைக்கு இரண்டு தீர்ப்பா?

கேள்வி: ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனையை ஒரு சர்வதேசச் சங்கம் பதிவு செய்கிறது, இன்னொன்று ஏற்பதே இல்லையாமே. ஏன்?

பதில்: பூனைகளுக்கு உலகம் முழுவதற்குமான தலைமைச் சங்கம் என்று ஒன்று கிடையாது. 1906இல் அமெரிக்காவில் தொடங்கிய சி.எஃப்.ஏ., 1949இல் ஐரோப்பாவில் உருவான ஃபீஃபே, 1979இல் வந்த டிகா ஆகியவை தனித்தனியே வம்சாவளிப் பதிவேடு வைத்திருக்கின்றன. எந்த இனத்தை ஏற்பது என்பதையும் தாங்களே முடிவு செய்கின்றன.

நீங்கள் கேட்கும் இனம் 1961இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கண்ட சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து வந்தது. காதை மடக்கும் அந்த மரபணு காதோடு நிற்பதில்லை. உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைப் பாதிக்கிறது. கால் மூட்டுகள் இறுகலாம், வால் விறைக்கலாம், நடந்தாலே வலிக்கலாம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தாலும் பாதிப்பு உண்டு. அதனால்தான் பிரிட்டனின் பூனைச் சங்கமான ஜி.சி.சி.எஃப். 1970களிலேயே பதிவை நிறுத்தியது. ஃபீஃபேயும் ஏற்கவில்லை. சி.எஃப்.ஏ., டிகா இரண்டும் ஏற்கின்றன. என் மனம் மறுத்தவர்கள் பக்கம்தான். அழகுக்காக ஒரு உயிரை வாழ்நாள் வலியோடு பிறக்க வைக்கக் கூடாது.

பூனை வாங்கும்போது வம்சாவளிச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். அது தாய் தகப்பன் யார் என்று சொல்லும், மூட்டு நலத்தைச் சொல்லாது. கண்காட்சிதான் ஆசை என்றால், டிகாவில் வம்சாவளி இல்லாத வீட்டுப் பூனைகளுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, பட்டமும் வெல்லலாம்.