சில்லிடும் தரைக்கு ஒரு போர்வை

அதிகாலையில் வெறுங்காலுடன் குளியலறைக்குள் நுழைகிறீர்கள். வாசலில் கிடக்கும் துணி மிதியடி இதமாக இருக்கிறது. அடுத்த அடியில் ஓடு சில்லிடுகிறது. ஆனால் இரண்டின் மீதும் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் காட்டும். நம் கால் உணர்வது பொருளின் வெப்பநிலையை அல்ல, தோலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை.

இந்த ஊரில் அது ஒரு நொடிச் சிலிர்ப்பு. மான்செஸ்டர், கிளாஸ்கோ போன்ற ஊர்களில் குடியேறியிருக்கும் நம் பிள்ளைகளுக்கோ அது செலவு வைக்கும் விஷயம். பிரிட்டனின் பழைய வீடுகள் பலவற்றில் கான்கிரீட் தளம் எந்தக் காப்பும் இல்லாமல் மண்ணின் மீதே கிடக்கிறது. அதன் மேல் அழகான ஓடு பதித்துவிட்டு, பிறகு “குளிர் தாங்க முடியவில்லை” என்றால் செய்வதற்கு அதிகம் இல்லை. ஓட்டை உடைத்துத்தான் அடியில் போக முடியும். ஆகவே சிந்திக்க வேண்டிய நேரம் ஓடு வாங்குவதற்கு முன்புதான்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளி வைப்போம். ஓட்டுக்கு அடியில் எதைப் போட்டாலும் ஓடு மரப்பலகை போல ஆகிவிடாது. 30 டிகிரி செல்சியஸ் உள்ள பாதம் 15 டிகிரி ஓட்டைத் தொட்டால், தொடும் இடத்தின் வெப்பநிலை ஏறக்குறைய 22 டிகிரிக்கு இறங்கும். அதே 15 டிகிரியில் உள்ள மரத்தைத் தொட்டால் 26 டிகிரி அளவில் நிற்கும். 10 மில்லிமீட்டர் ஓட்டைத் தாண்டி வெப்பம் கீழே போய்ச்சேர ஓரிரண்டு நிமிடங்கள் ஆகும். அதுவரை அடியில் என்ன இருக்கிறது என்பது காலுக்குத் தெரியவே தெரியாது.

அப்படியென்றால் காப்பு எதற்கு? ஓட்டையே 15 டிகிரிக்கு இறங்கவிடாமல் வைத்திருப்பதற்கு.

சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். வட இங்கிலாந்தில் அது சுமார் 10 டிகிரி. வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 20 டிகிரி வைத்திருக்கிறோம். தளத்தின் அடிப்புறம் 10 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். (உண்மையில் வீட்டின் நடுப்பகுதியில் மண் கொஞ்சம் சூடேறியிருக்கும், வெளிச்சுவர் ஓரங்களில்தான் நிலைமை மோசம்.) 10 சென்டிமீட்டர் கான்கிரீட், அதன் மேல் ஓடு, வேறெதுவும் இல்லை என்றால் ஓட்டின் மேற்பரப்பு 13 டிகிரி.

இடையில் 10 மில்லிமீட்டர் நுரைப்பலகை வைத்தால் அது கிட்டத்தட்ட 17 ஆகிறது. 20 மில்லிமீட்டர் வைத்தால் 18. ஐந்து சென்டிமீட்டர் வைத்தால் 19. கவனியுங்கள்: முதல் 10 மில்லிமீட்டர் நான்கு டிகிரியைத் தந்தது, அடுத்த 10 ஒரு டிகிரியைத்தான் தருகிறது, அதற்கு மேல் போடும் 30 மில்லிமீட்டருக்கும் இன்னொரு டிகிரிதான். கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இது நல்ல செய்தி. மெல்லிய பலகையிலேயே பெரும் பயன் கிடைத்துவிடுகிறது. தளத்தை உயர்த்தினால் கதவின் அடிப்பகுதியைச் சீவ வேண்டும், படிக்கட்டின் முதல் படி குட்டையாகிவிடும் என்பதால் மெல்லியது வேறு வகையிலும் வசதி.

இந்தப் பலகை எக்ஸ்பிஎஸ் எனப்படும் அழுத்தமான பாலிஸ்டைரின் நுரை. நாம் சாப்பாடு தாப்பாவ் செய்யும் வெள்ளைப் பெட்டிக்கு உறவுதான், ஆனால் அடர்த்தி அதிகம். இதில் 10 மில்லிமீட்டர், வெப்பத்தைத் தடுப்பதில் ஏறத்தாழ அரை மீட்டர் கான்கிரீட்டுக்குச் சமம். ஓடு பதிப்பதற்கென்றே இருபுறமும் சிமெண்டு பூசிய பலகைகளாகக் கிடைக்கிறது. அவற்றையே வாங்குவது நல்லது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து, பொருட்களைப் பொதிந்து வரும் மெத்தென்ற நுரையைப் போட்டால் குளிர்பதனப் பெட்டியின் கால் அழுந்தும் இடத்தில் ஓடு விரிசல் விடும். ஓடு வளையாது, அதனால் அடியில் உள்ளது அமுங்கக்கூடாது.

பலகைக்கு முன்பு ஈரத்தைச் சோதிக்க வேண்டும். சுமார் 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளைத் தளத்தின் மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. ஈரத்தடுப்புப் பூச்சுதான் முதல் வேலை. துளி தாளின் மேற்புறம் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், நம் தே ஐஸ் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போல. 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருந்தால் 13 டிகிரியிலேயே பனி படியத் தொடங்கும். மேலே கணக்கிட்ட காப்பில்லாத ஓடு அதே 13 டிகிரி! ஈரத் துணியை வீட்டுக்குள் காயப்போடும் குடும்பங்களில் சுவரோரம் பூஞ்சை கறுப்பாகப் படர்வதற்கு இதுவும் ஒரு காரணம். தவழும் குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் இருக்கும் வீட்டில் அந்த நான்கு டிகிரி வெறும் சொகுசு அல்ல.

பதிக்கும்போது பலகைக்கும் தளத்துக்கும் இடையே வெற்றிடம் விடாமல் ஓட்டுப் பசையை முழுப்பரப்பிலும் பூச வேண்டும். இணைப்புகளைச் செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி அமைத்து, மேலே டேப் ஒட்ட வேண்டும். முழு அறைக்கும் பணம் போதாதென்றால் வெளிச்சுவர் ஓரம் ஒரு மீட்டர் அகலத்துக்குப் போட்டாலும் பலன் உண்டு, ஆனால் மற்ற இடத்தையும் அதே உயரத்துக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். பல நேரங்களில் அறை முழுவதும் மெல்லிய பலகை போடுவதே மலிவாக முடியும்.

கேமரன் மலையில் வீடு வைத்திருப்போர் இதைச் செய்யலாமா? அங்கே ஆண்டுச் சராசரி சுமார் 18 டிகிரி. பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரும் கிடையாது. அறையும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருக்கும்போது காப்புப் பலகை தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் தடித்த பாய் ஒன்றை வாங்கிப் போடலாம்.