பிக்மி நம்பர் எதற்கு, காப்பீட்டு அட்டை யாருக்கு?

“நாங்க பிரைவேட்லதான் காட்டுறோம். நர்சம்மாகிட்ட எதுக்குப் பதியணும்?”

கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கர்ப்பத்தை அரசிடம் பதிவது உதவிப் பணம் வாங்குகிறவர்களுக்கான வேலை என்ற எண்ணம் பலருக்கு. ஆனால் 2017 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கே அந்தப் பதிவு எண் வேண்டும். ‘பிக்மி நம்பர்’ என்று ஊரே சொல்லும் 12 இலக்க எண்தான் அது. பிரசவம் எத்தனை பெரிய தனியார் மருத்துவமனையில் நடந்தாலும் விதி மாறாது. கைக்குழந்தையோடு இருக்கும் வீட்டில் ஒருவர் எண்ணைத் தேடி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதெல்லாம் தவிர்க்கக்கூடிய அலைச்சல்.

கிராமத்தில் சுகாதார செவிலியரிடமும் நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதியலாம். 102-ஐ அழைத்தோ, இ-சேவை மையத்துக்குப் போயோ முன்பதிவும் செய்யலாம். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவது நல்லது. ‘மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் காக்கும் ரகசியம் இந்தக் கெடுவோடுதான் மோதுகிறது. ஊருக்குச் சொல்லாமல் இருப்பது அவர்கள் விருப்பம். நர்சிடம் மட்டும் சொல்லிவிடலாம்.

இதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற பெண், அங்கே புதிதாகப் பதிய வேண்டும் என்று நினைக்கிறாள். தேவையில்லை. எண் ஒன்றுதான், அந்த ஊர்ச் செவிலியரிடம் அதைக் காட்டினால் போதும்.

உதவிப் பணம் பற்றிய கதைகள் தனி ரகம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் தொடங்கியது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்த அதே முத்துலட்சுமி ரெட்டிதான். இன்று மொத்த உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ‘குழந்தை பிறந்ததும் போய் மொத்தமா வாங்கிக்கலாம்’ என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். பணம் தவணைகளாக வருகிறது. முதல் தவணைக்கான நேரம் கர்ப்ப காலத்திலேயே வந்துவிடும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது கிடைக்கும். வங்கிக் கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். இதற்காகவே முதல் பாஸ்புக் வாங்கிய பெண்கள் உண்டு என்பது இந்தத் திட்டத்தின் பேசப்படாத லாபம்.

சிசேரியன் என்றால் ஜி.எச்.சிலும் செலவாகுமா? 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அறுவை சிகிச்சை, மருந்து, ரத்தம், பரிசோதனை, தாய்க்குச் சாப்பாடு, வீடுவரை வாகனம் எல்லாமே இலவசம். ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று வார்டில் கை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அது கட்டணம் அல்ல, லஞ்சம். 104-ல் புகார் சொல்லலாம்.

“கவர்மென்ட் மாத்திரை கேக்காது” என்பது அடுத்தது. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்குத் தருகிறது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது. அட்டையில் பளபளப்பும் பழகிய கம்பெனிப் பெயரும் இல்லை என்பதால் உள்ளே இருக்கும் பாராசிட்டமால் வேறொன்றாகிவிடாது.

தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க எப்போதும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஒரு சாரார் எல்லாம் தரும் அட்டை என்கிறார்கள்; இன்னொரு சாரார் பரம ஏழைகளுக்கு மட்டும் என்கிறார்கள். இரண்டும் சரியில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் தகுதி பெறும்; ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவர் அட்டையிலும் வரமாட்டார். புது மருமகள் பெயரைச் சேர்க்காத வீடுகள் இதை ஆபரேஷன் தேதி நெருங்கும்போதுதான் கண்டுபிடிக்கின்றன. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லை. அதே சமயம், பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அட்டை செல்லும். சளி, காய்ச்சலுக்கு நீட்டிப் பயனில்லை.

மிகவும் ஆபத்தான நம்பிக்கை, விபத்தில் அடிபட்டவரை எஃப்.ஐ.ஆர். இல்லாமல் சேர்க்கமாட்டார்கள் என்பது. சிகிச்சைதான் முதல் என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே சொல்லிவிட்டது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையோ வருமானச் சான்றோ கேட்பதில்லை; அடிபட்டவர் வெளிமாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் இதில் அடக்கம். தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம்: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரை யாரும் வற்புறுத்த முடியாது.