கட்டுமரமும் கேட்டமரானும்

போன மாதம் மாலை வகுப்பில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புப் பகுதி ஒன்று கொடுத்திருந்தோம். அதில் 'கேட்டமரான்' என்று ஒரு சொல் வந்தது. பின் வரிசையில் இருந்த மகள் ஒருத்தி எழும்பி, "சேர், கேட்டுன்னா பூனைதானே, அப்ப இது பூனைக் கப்பலா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நாங்களும் சிரித்துவிட்டோம். "இல்லம்மா, அது நம்ம சொல்லுதான், கட்டுமரம்" என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. "சும்மா சொல்றீங்க சேர்" என்றார்கள். இங்கிலீசு புத்தகத்தில் தமிழ்ச் சொல் இருக்காது என்று பிள்ளைகளுக்கு அவ்வளவு உறுதி.

அதனால் இந்த இதழில் அந்த ஒரு சொல்லையே பாடமாக எடுத்துக்கொண்டோம். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். மடுல்கெல்லயிலிருந்து கடல் ரொம்பத் தூரம் என்றாலும், கடலைப் பற்றி அவர்கள் காதில் விழுந்தது நம்மைவிட அதிகம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கட்டு, மரம் என்று இரண்டு சொல். மரங்களைக் கட்டிச் செய்தது கட்டுமரம். ஆணி இல்லை, பலகை இல்லை. பாரமில்லாத மரத்துண்டுகள் சிலவற்றை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். நடு மரம் நீளமாகவும் முன்பக்கம் கொஞ்சம் மேலே வளைந்தும் இருக்கும். மலைவேம்பு, அல்பீசியா போன்ற மரங்கள் இதற்கு உகந்தவை. அல்பீசியா என்றதும் உங்களுக்கு நிழல் மரம் ஞாபகம் வரும். அதே இனம்தான். தேயிலைக்கு நிழல் கொடுக்கும் அந்த மரத்தின் பாரமின்மைதான் கடலில் மிதக்கவும் உதவுகிறது.

படகு என்றால் உள்ளே தண்ணீர் வரக்கூடாது. கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்று ஒன்றும் கிடையாது. அலை மேலே ஏறி மரங்களின் இடுக்கால் கீழே இறங்கிப் போய்விடும். ஆள் நனைவான், மரம் அமிழாது. துறைமுகம் இல்லாத, அலை உடைகிற மணற்கரையில் அந்தக் காலத்தில் இதைவிடத் தோதான வாகனம் கிடையாது. அதற்கு ஒரு வேலை மட்டும் உண்டு. மரம் தண்ணீரை உறிஞ்சிப் பாரமாகிவிடும். ஆகவே கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப் போடுவார்கள். அடுத்த நாள் திரும்பவும் கட்டு. தினமும் கட்டித் தினமும் அவிழ்ப்பதால்தானோ என்னவோ, மரத்தின் பேரோடு கட்டும் சேர்ந்துகொண்டது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையெல்லாம் இது ஓடியது. நம் நாட்டின் வடக்கு, கிழக்குக் கரைகளிலும் மீன்பிடிக்குப் பயன்பட்டது. சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் இதே மாதிரியானதைத் தெப்பம் என்பார்கள்.

இனி இந்தச் சொல் எப்படி ஆங்கிலத்துக்குப் போனது என்று பார்ப்போம். வெள்ளைக்காரர்கள் இதைக் கண்டு ஆச்சரியப்பட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். வெனிஸ் நகரத்து நகை வியாபாரி காஸ்பரோ பால்பி 1583ஆம் ஆண்டில், ஏழு மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஓடம் ஒன்றைக் கண்டு 'கட்டமெரோனி' என்கிற மாதிரி எழுதினார். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில், சோழமண்டலக் கரையில் ஒரே ஆள் உட்கார்ந்து போகிற கட்டுமரத்தைப் பற்றிச் சொல்கிறார். அதில் போகிறவனுடைய காலும் இடுப்புக்குக் கீழும் எந்நேரமும் தண்ணீருக்குள்தானாம்.

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முந்திய காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சாமான்களையும் மசூலா என்னும் தைத்த படகுகள் ஏற்றி இறக்கின. கடிதம் கொண்டு போனவர்களோ கட்டுமரக்காரர்கள். தண்ணீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகி, அலைக்குள் விழுந்து எழும்பிப் போய்க் கப்பலில் கொடுத்தார்கள். சென்னைக்கு வந்த வெள்ளைக்காரன் கப்பல் தட்டிலிருந்து முதலில் கண்ட தமிழர்களில் இவர்களும் உண்டு. சொல் அவன் வாயில் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

பிறகுதான் வேடிக்கை. 1804இல் நெப்போலியனின் படகுகளை அழிக்க ஆங்கிலேயர் பூலோன் துறைக்கு எதிரில் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்குக் 'கேட்டமரான்' என்று பேர் வைத்தார்கள். அது பெரிதாகப் பலிக்கவில்லை. வாயாடிப் பெண்ணையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால் திட்டியிருக்கிறார்கள். 'கேட்' என்ற சத்தம் பூனைச் சண்டையை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். ஆக, நம் மகள் கேட்ட கேள்வி இங்கிலாந்துக்காரனுக்கே வந்த குழப்பம்தான்.

இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். கொழும்பிலும் காலியிலும் சிங்கள மீனவர்கள் ஓட்டுகிற 'ஒருவ'வையும் கேட்டமரான் என்றார்கள். ஒருவ என்பது ஒரு பக்கத்தில் மிதப்புக் கட்டை கட்டிய ஓடம். அது கட்டுமரம் அல்ல, வேறு வகை. விக்டோரியா நீர்த்தேக்கத்துப் பக்கம் போகிறவர்கள் அந்த மாதிரி ஓடத்தைப் பார்த்திருக்கலாம்.

ஆனால் தவறாக வைத்த பேரே கடைசியில் நிலைத்தது. ஓடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டை என்றிருந்தது, இரண்டு ஓடங்களை இணைத்தது என்று ஆனது. பசிபிக் தீவுகளின் மக்கள் அப்படிப்பட்ட இரட்டை ஓடங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெருங்கடலைத் தாண்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாப் என்பவர் 1876இல் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்க்கப்பலைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். மற்றக் கப்பல்கள் எட்டிப் பிடிக்க முடியவில்லை. இப்படிப் போட்டி போடுவது சரியில்லை என்று எதிர்ப்பும் வந்தது. இன்றைக்குக் கேட்டமரான் என்றால் உலகத்துக்குத் தெரிவது இந்த இரட்டை உடல் கப்பல்தான். அதில் கயிற்றுக் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை. பேர் மட்டும் நம்முடையது.

வகுப்பில் இதையெல்லாம் சொல்லி, தோணி, வள்ளம், ஓடம் என்று மற்றப் பேர்களைக் கரும்பலகையில் எழுதினோம். மலாய் மொழியின் 'காப்பால்' நம் கப்பலிலிருந்து போனது என்றும் சொன்னோம். தோணி என்று எழுதியதும் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். வகுப்பு முடிந்து கேட்டபோது, டவுனில் ஒரு கடையில் வைத்துத் தன்னைக் 'கள்ளத்தோணி' என்று சொன்னதாகச் சொன்னான். "நம்ம ஆளுங்க அப்படித்தான் வந்தாங்களா சேர்?" என்றும் கேட்டான்.

அனுமதிச் சீட்டில்லாமல் களவாகக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு வைத்த பேர் அது. நம் பாட்டன் பூட்டன் வந்த கதை வேறு. கோப்பிக் காலத்தில் துரைமார்தான் கங்காணிகளை அனுப்பி ஆள் கூட்டி வந்தார்கள். பாய்த்தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் பல ஆயிரம். அந்த வழியை நினைத்துத்தான் 2023இல் மலையகத்துக்கு 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குத் திரும்பவும் நடந்தார்கள்.

1900களின் தொடக்கத்தில் தகர டிக்கட் முறை வந்தது. சின்னத் தகரத் துண்டில் ஒரு எழுத்தும் எண்களும் அடித்திருக்கும். எழுத்து மாவட்டத்தைக் காட்டும். எண்களில் ஒன்று தோட்டத்துக்கு, மற்றது ஆளுக்கு. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. அதிலும் டிக்கட்டும் பதிவும் வைத்தியப் பரிசோதனையும் இருந்தன. பேர் எழுதி, எண் அடித்து, எண்ணிப் பார்த்துக் கொண்டுவந்தவர்களை எப்படிக் களவாக வந்தவர்கள் என்பது?

பிறகு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எத்தனையோ குடும்பங்கள் வந்த கடலையே திரும்பித் தாண்டின. எஞ்சியவர்களில் நாடில்லாமல் இருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. அந்தப் பையனின் அம்மாவிடம் அடையாள அட்டை இருக்கிறது. அவனுக்கும் பதினைந்து வயதானதும் எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழை இப்போதே கையில் வைத்திருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் பிறப்புப் பதிவு செய்யாத பிள்ளை இருந்தால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரைக் கண்டு பேசுங்கள்.

பாடத்தின் கடைசிப் பகுதி எழுத்துக்கூட்டல். சி, ஏ, டி, ஏ, எம், ஏ, ஆர், ஏ, என். மொத்தம் ஒன்பது எழுத்து. ஒன்றுவிட்டு ஒன்று 'ஏ' வரும், நாலு 'ஏ'. பரீட்சையில் ஒரு 'ஏ' விட்டால் புள்ளி போய்விடும். அடுத்த மாதம் 'லைன்' என்ற சொல் எப்படி நம் வாயில் லயம் ஆனது என்றும், 'பரேட்' எப்படிப் பிரட்டு ஆனது என்றும் பார்ப்போம். தெரிந்தவர்கள் அதற்கு முன்பே எழுதி அனுப்பலாம்.