பதநீர் புளியாமற் காப்பது எப்படி?

செஞ்சி வட்டாரத்தில் ஏரிக்கரைதோறும் வரப்புதோறும் நிற்கும் பனை ஒன்றே. சீவும் பாளையும் ஒன்றே. ஆயினும், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்தால் அது பதநீர். தடவாத கலயத்தில் வடிந்தால் கள். இவ்வேற்றுமையின் காரணத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948-இல் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு வந்தது. பனையேறுவோரின் பிழைப்புக்கு வழியாகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் பல இடங்களில் அமைந்தன. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே, பதநீர் புளித்தால் வெல்லம் நஷ்டமாவதோடு வழக்கும் வரக்கூடும்.

புளிப்பு ஏன் உண்டாகிறது? பதநீரில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வரை சர்க்கரை உண்டு. காற்றிலும், பாளையிலும், கலயத்தின் நுண்துளைகளிலும் தங்கியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனை உண்கின்றன. ஈஸ்ட் என்பது சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. நுரை பொங்குவது அவ்வாயுவினாலேயே. வேறு சில நுண்ணுயிர்கள் புளிப்பை உண்டாக்குகின்றன. சாராயத்தைக் காடியாக மாற்றுவனவும் உண்டு. பிரெஞ்சு நாட்டுத் திராட்சை மது கெடுவதும் நுண்ணுயிர்களாலேயே என்பதை 1860களில் லூயி பாஸ்டர் மெய்ப்பித்து, மிதமாகச் சூடேற்றிக் காக்கும் முறையைக் கண்டார்.

சுண்ணாம்பு, சாற்றைக் காரத்தன்மையில் நிறுத்தி இந்நுண்ணுயிர்களின் வேலையைத் தடுக்கிறது. புளிப்பு ஏறினால் வெல்லத்திற்குரிய சர்க்கரை உருமாறிவிடும். பின்னர் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு கெட்டியாக இறுகாது. மாறாக, சுண்ணாம்பு மிகுந்தாலோ வெல்லம் கறுத்துக் காரம் தட்டும். அளவே இங்கு முக்கியம்.

நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகளாவன:

1. கலயத்தை நாள்தோறும் கழுவி, அடியில் தங்கிய வண்டலை நீக்கி, அனலில் காட்டி உலர்த்த வேண்டும். பழைய வண்டலே மறுநாட் சாற்றுக்கு உறை.

2. நீற்றிய புதுச் சுண்ணாம்பை உட்புறம் முழுவதும் சீராகப் பூச வேண்டும்.

3. வெயில் ஏறுமுன் இறக்கி, துணியில் வடிகட்டி, தாமதமின்றிக் காய்ச்ச வேண்டும். வெப்பம் கூடக் கூடப் புளிப்பும் விரையும்.

4. கொப்பரையில் ஊற்றுமுன் ஒவ்வொரு கலயத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய காகிதத்தில் ஒரு துளி விட்டால், சுண்ணாம்பு போதிய சாறு அதனைச் சிவக்கச் செய்யும். காகிதம் மஞ்சளாகவே இருந்தால் அக்கலயத்தை ஒதுக்குக.

புளித்த சாற்றில் பின்னர் சுண்ணாம்பைக் கொட்டிச் சரிசெய்யலாம் என்று சிலர் கருதுவதுண்டு. அது புளிப்பை மறைக்குமேயன்றி, போன சர்க்கரையைத் திருப்பித் தராது.

ஒரு கிலோ வெல்லத்திற்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அத்தனையும் ஒருவர் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கிச் சேர்த்தது. பலருடைய சாறு ஒன்றாகும் சங்கக் கொப்பரையில் ஒரு புளித்த கலயம் கலந்தால், நேர்மையாக உழைத்த மற்றவர்களின் கூலியும் கெடும். ஆதலின், கலயத்தை ஒதுக்கும்போது அதற்குரியவர் மனத்தாங்கல் கொள்ளலாகாது. சோதிப்பவரும் உறவு பார்க்கலாகாது. இன்று ஒருவர் கலயம் ஒதுக்கப்படும். நாளை அதே சோதனை அவர் உழைப்பைக் காக்கும். பருவம் தொடங்குமுன் இவ்விதியைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொள்வது நலம்.