கடல்நீர் மீன்தொட்டியிற் பாசியைக் கட்டுப்படுத்தல்

பல்லேகல கடலுக்குத் தொலைவிலுள்ள மலைநாட்டுப் பகுதியாகும். இங்கு முருகைக்கல் உயிர்களை வீட்டுத் தொட்டியில் வளர்ப்போர், கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ கடலுப்புக் கலவையைக் கரைத்து உபயோகிப்பதுண்டு. அந்நீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் இருப்பின், அது பாசிக்கு உரமிட்டதற்கு ஒப்பாகும். 1999ஆம் ஆண்டிற் கண்டி வாவியில் நீலப்பச்சைப் பாசி திரண்டமைக்கும் இத்தகைய சத்துக்களின் மிகுதியே ஏதுவாயிற்று.

பாசி மூடிய முருகைக்கல்லில் ஒளி படாது. அதன் உடலினுள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் தொழிற்படா. ஆகவே முருகைக்கல் நலிந்து இறக்கும்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் இடுதல் பெருந்தவறாகும். செம்பு கலந்த நீரில் முருகைக்கல்லும் இறாலும் நத்தையும் மடியும். அச்செம்பு கல்லிலும் மணலிலும் தங்கிப் பின்னரும் தீங்கு செய்யும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்:

1. தாதுப்புக்கள் நீக்கிய தூய நீரிலேயே உப்பைக் கரைத்தல் வேண்டும். கடல்நீரின் உவர்ப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்காகும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்பற்ற தூய நீரையே சேர்த்தல் வேண்டும்.

2. மீன்கள் இரண்டொரு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவுக்கே இரையிடுதல் வேண்டும்.

3. வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுதல் நன்று.

4. பாசியைக் கையாற் களைந்து வெளியே அகற்றுதல் வேண்டும். தொட்டியிலேயே அழுகவிட்டால் சத்துக்கள் மீண்டும் நீரிற் கலக்கும்.

5. தொட்டியில் நேர்வெயில் படலாகாது.

6. பாசி மேயும் கடல் நத்தைகள் சிலவற்றை விடலாம்.

இம்முறைகளின் பயன் தென்படச் சில வாரங்கள் செல்லும். அதுவரை இவற்றை இடைவிடாது கைக்கொள்ளுதல் அவசியமாகும்.