ஆடலாம், கழலக் கூடாது

கேள்வி: சாலையை உடைக்கும் பிரேக்கரில் உளியைக் கையால் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறது. அதை இறுக்கமாகப் பூட்டாமல் ஏன் விட்டிருக்கிறார்கள்?

பதில்: பிரேக்கரின் உளி ஆடவேண்டும் என்றே அப்படி மாட்டப்படுகிறது. கம்ப்ரசரிலிருந்து சுமார் 6 பார் அழுத்தத்தில் வரும் காற்று, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மேலும் கீழும் விரட்டுகிறது. பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு தடவையும் உளியின் பின்முனையில் மோதுகிறது; நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் விழும். பிஸ்டனுக்கும் உளிக்கும் இடையே எந்த இணைப்பும் கிடையாது. கொல்லுப்பட்டறையில் சம்மட்டி ஒருவர் கையிலும் வெட்டுளி இன்னொருவர் கையிலும் இருக்குமே, அதே ஏற்பாடுதான் ஒரு குழாய்க்குள் அடைக்கப்பட்டிருக்கிறது.

அடி விழுந்ததும் அது ஓர் அழுத்த அலையாக எஃகுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி நுனிக்குப் போகிறது. நுனி கல்லில் ஊன்றியிருந்தால் அலையின் பெரும்பங்கு கல்லைப் பிளப்பதில் செலவாகும். உளியைக் கருவியின் உடம்போடு திருகி இறுக்கிவிட்டால், அதில் ஒரு பங்கு உடம்புக்கும் அங்கிருந்து பிடித்திருப்பவரின் தோளுக்கும் ஏறிவிடும். மரைகளும் அந்த அடியை அதிக நாள் தாங்குவதில்லை.

நுனி கல்லில் படாமல் அந்தரத்தில் நிற்கும்போது நடப்பது வேறு. ஓடிவந்த அலை செலவாக இடமில்லாமல் நுனியில் திரும்பி இழுவிசை அலையாக மாறுகிறது. உளி முன்னால் பாய்கிறது. ரிடெய்னர் என்று கடைகளில் சொல்லப்படும் பூட்டுக்கு அப்போதுதான் வேலை. வேலை நடக்கும் நேரத்தில் உளியை இடத்தில் வைத்திருப்பது கருவியின் எடையும் ஆளின் அழுத்தமும்தான். பூட்டு சும்மா இருக்கும். கருவியைத் தூக்கும்போதும், கல் திடீரென்று உடைந்து நுனி வெற்றிடத்துக்குள் போகும்போதும் அது உளியைத் தடுத்து நிறுத்துகிறது.

கேள்வி: இந்தப் பூட்டை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தப் பூட்டு எப்போது தேவைப்பட்டது என்பதைச் சொல்லலாம். தொடக்ககாலப் பாறைத் துளைப்பான்களில் இது இல்லை, ஏனென்றால் அவற்றில் உளி பிஸ்டனோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்தது.

பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையில் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஃப்ரேஜு சுரங்கம் குடையப்பட்டது. 1857இல் கைவேலையாகத் தொடங்கிய அந்தப் பணியில் 1861 முதல் ஜெர்மேன் சொமெய்யே என்ற பொறியாளரின் காற்றுத் துளைப்பான்கள் இறங்கின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹூசாக் சுரங்கத்தில் சார்லஸ் பர்லி உருவாக்கிய துளைப்பான் 1860களில் வேலைக்கு வந்தது. இந்தத் தலைமுறை எந்திரங்களில் துளைக்கும் எஃகுக் கம்பி பிஸ்டன் தண்டின் நுனியில் இறுக்கிப் பூட்டப்பட்டு, பிஸ்டனோடு சேர்ந்தே முன்னும் பின்னும் ஓடியது. துளை ஆழமாக ஆக நீளமான கம்பி வேண்டும். கம்பி நீள நீள எடை கூடும், அடியின் வேகம் குறையும். போதாததற்கு, கம்பியைப் பிடித்த கவ்வி ஒவ்வொரு அடியிலும் தளர்ந்துகொண்டே இருக்கும். எந்திரமோ தாங்குசட்டத்தில் ஏற்ற வேண்டிய அளவு கனம்.

பிஸ்டனையும் கம்பியையும் பிரித்தவர்களில் முக்கியமானவர் டென்வர் நகரத்து எந்திரக் கலைஞர் ஜான் ஜார்ஜ் லேனர். 1890களின் இறுதியில் அவர் கொண்டுவந்த துளைப்பானில் இலேசான பிஸ்டன் மட்டும் ஓடியது; கம்பி முன்னால் தளர்வாக நின்று அடியை வாங்கிக்கொண்டது. துளைத்தூளை வெளியேற்ற உள்ளீடற்ற கம்பி வழியாக அவர் முதலில் காற்றைச் செலுத்தினார். அந்தத் தூசி சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலை அரித்ததால் அந்த வகை எந்திரத்துக்கே விதவையாக்கி என்று பெயர் விழுந்தது. பின்னர் காற்றோடு தண்ணீரும் சேர்ந்தது. லேனரின் உரிமைகளைப் பிற்பாடு வாங்கிய இங்கர்சால்-ராண்ட் நிறுவனம், கையால் தூக்கிப் பிடிக்கும் தன் துளைப்பானுக்கு ‘ஜாக்ஹாமர்’ என்று வணிகப் பெயர் சூட்டி, ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டது. அந்த ஒரு கம்பெனியின் வணிகப் பெயர்தான் இன்று ஊரெங்கும் இந்த வகை எந்திரங்களுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது.

கம்பியைத் தளர்வாக விட்ட அன்றே அது கழன்று விழாமல் தடுக்கும் வேலையும் பிறந்தது என்று கொள்ளலாம்.

இரும்பு வேலைக்கான சிறிய காற்றுச் சுத்தியல் தனி வழியில் வந்தது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த சார்லஸ் பிராடி கிங் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் தன் காற்றுச் சுத்தியலைக் காட்டி, 1894இல் காப்புரிமை பெற்றார். டெட்ராய்ட் தெருவில் முதன்முதலில் மோட்டார் காரை ஓட்டியவரும் அவரே (1896). அதே காலத்தில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் போயர் செய்த சுத்தியல்கள் கப்பல் தளங்களிலும் கொதிகலன் பட்டறைகளிலும் ரிவெட் அடிக்கப் பரவின. கூட்டல் எந்திரத்தால் பெயர்பெற்ற வில்லியம் பரோஸ் தன் எந்திரத்தை உருவாக்கியது இந்தப் போயரின் பட்டறையில்தான்.

கேள்வி: ஒன்றில் ஸ்பிரிங், ஒன்றில் கொண்டி, ஒன்றில் இழுத்துவிடும் வளையம். ஏன் இத்தனை வகை?

பதில்: உளியின் எடை, எத்தனை தடவை மாற்ற வேண்டும் என்பது, வேலை செய்யும் இடத்தின் அழுக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து வகையைத் தீர்மானிக்கின்றன.

பட்டறையில் தகடு வெட்டவும் ரிவெட் அடிக்கவும் பயன்படும் சிறிய ஏர் ஹாமரில் இருப்பது சுருள் ஸ்பிரிங். ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் தேன்கூட்டு வடிவில் இருக்கும். அகன்ற முனையைக் குழலின் வெளிப்புறத்துப் பெரிய மரைகளில் திருக வேண்டும். குறுகிய முனை, உளியின் தண்டில் பருத்திருக்கும் காலரைச் சுற்றி நிற்கும். உளி முன்னால் பாயும்போது ஸ்பிரிங் நீண்டு கொடுத்துத் திரும்ப இழுக்கிறது. மலிவானது, ஆனால் உளியை மாற்ற ஒவ்வொரு தடவையும் முழுக்கத் திருகிக் கழற்ற வேண்டும். அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கென்று வந்ததுதான் இழுப்பு வளையம். வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகள் விலகி வழிவிடும், விட்டால் காலருக்கு முன்னால் வந்து மறிக்கும். பட்டறைக்குச் சௌகரியம். சேறும் கல்தூளும் பறக்கும் இடத்தில் குண்டுகளுக்கு நடுவே மண் புகுந்து சிக்கிக்கொள்ளும்.

அதனால்தான் சாலைப் பிரேக்கரில் எளிய கொண்டி. கருவியின் மூக்கில் கீல்போல மாட்டப்பட்ட தடித்த எஃகுத் துண்டு அது. காலால் ஒரு உதை விட்டால் திறக்கும், இன்னொரு உதையில் மூடும். நடுவில் இருக்கும் பள்ளத்தின் வழியே உளியின் தண்டு வெளியே வரும், தண்டைவிடப் பருத்த காலர் வராது. கருவியைத் தூக்கினால் உளி சரிந்து காலர் கொண்டியில் உட்காரும். நல்ல வடிவமைப்பில் அந்த நிலையில் உளியின் பின்முனை பிஸ்டனுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும், பிஸ்டன் காற்றுமெத்தையில் நின்றுவிடும். இந்தச் சின்ன யோசனை கொண்டியின் ஆயுளைக் காப்பாற்றுகிறது. மூன்றில் சிறந்தது எது என்றால் இந்தக் கொண்டிதான்: நுட்பம் குறைவு, கையுறை போட்ட கையோ பூட்ஸ் காலோ போதும், தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.

கிணற்று வேலையில் கொண்டியின் அருமை இன்னும் தெரியும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் டிராக்டரில் ஏற்றிய கம்ப்ரசர் வண்டி வந்து வெடிக்குழி போடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரே குழிக்கு முதலில் ராடு எனப்படும் துளைக்கம்பியில் குட்டையானது, பிறகு நீளமான ராடு என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். வழக்கமான வரிசையில் 0.8 மீட்டர், 1.6 மீட்டர், 2.4 மீட்டர் என நீளம் கூடும். ஒவ்வொன்றின் தலையும் முந்தையதைவிட ஒரு மில்லிமீட்டர் அளவு சிறுத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த ராடு குழிக்குள் இறுகிக்கொள்ளும். குழிக்குக் குழி இத்தனை தடவை ராடு மாற்றுகிற இடத்தில் மரை திருகிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இராது.

கேள்வி: ராடின் மேல் 22×108 என்று இருக்கிறது. பின்முனை ஏன் ஆறுபட்டை?

பதில்: கருவிக்குள் நுழையும் பின்பகுதிக்கு ஷாங்க் என்று பெயர். 22 என்பது எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான மில்லிமீட்டர். 108 என்பது பின்முனையிலிருந்து காலர் வரையிலான நீளம். கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது எண். குறைவாக இருந்தால் பிஸ்டன் தன் முழு வேகத்துக்குரிய இடத்தைத் தாண்டிப் போய் அடிக்கும், சில சமயம் உடம்பின் முன்பகுதியிலேயே மோதும். அதிகமாக இருந்தால் பிஸ்டனின் ஓட்டம் பாதியில் முட்டும். அதனால் கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்று 82.5 மில்லிமீட்டர் ஷாங்கை நீட்டினால் வாங்கக் கூடாது.

ஆறுபட்டை இருப்பது திருப்புவதற்கு. துளைக்கும் ஜாக்ஹாமரில் ஒவ்வொரு அடிக்கும் இடையே ராடு சற்றுத் திரும்பினால்தான் துளை வட்டமாக வரும். உள்ளே இருக்கும் சுழல்பள்ளத் தண்டும் பல்சக்கரமும், ஷாங்கைப் பிடித்திருக்கும் புஷ்ஷைத் திருப்ப, புஷ் ராடைத் திருப்புகிறது. பிரேக்கரில் சுழற்சி இல்லை. அங்கே ஆறுபட்டை உளி தானாகத் திரும்பிவிடாமல் காக்கிறது. ரிவெட் அடிப்பதற்குச் சுற்றினாலும் கவலையில்லை. அதனால் ஏர் ஹாமரின் ஷாங்க் உருண்டையாகவே இருக்கிறது. அதன் அளவு 0.401 அங்குலம், ஏறத்தாழ 10.2 மில்லிமீட்டர். கடைகளில் ‘401’ என்றால் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: சிற்பிகளின் காற்று உளியில் பூட்டே இல்லையே, ஏன்?

பதில்: அங்கே பூட்டு சிற்பியின் இடது கைதான். நொடிக்கு நொடி உளியின் கோணத்தை மாற்ற வேண்டியிருப்பதால், வலது கையில் சுத்தியலும் இடது கையில் உளியுமாகப் பிடித்து, ஷாங்கைச் சும்மா செருகிக்கொள்கிறார்கள். இந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளிகளை 1918இல் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். குளிர்காலக் காலைகளில் அவர்கள் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. உளியைப் பிடித்த இடது கையில் பாதிப்பு கூடுதலாக இருந்தது. அதிர்வு விரலின் இரத்தநாளங்களைச் சுருக்கிவிடுவதே காரணம்.

கேள்வி: வீட்டுச் சுவரில் துளைபோடும் எஸ்.டி.எஸ். பிட்டும் இதே வகையா?

பதில்: மின்சாரத்தில் ஓடினாலும் உள்ளே அடிப்பது காற்றுமெத்தைதான், அதனால் நெருங்கிய உறவு. இந்த முறையை 1975இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் கொண்டுவந்தது. செருகு, திருப்பு, பூட்டு என்ற பொருள்தரும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளே எஸ்.டி.எஸ். எஸ்.டி.எஸ்.-பிளஸ் ஷாங்க் 10 மில்லிமீட்டர். அதில் நான்கு பள்ளங்கள். பின்முனை வரை திறந்திருக்கும் இரண்டு பள்ளங்கள் சுழற்றுவதற்கு. இரு முனையும் மூடிய மற்ற இரண்டில் பூட்டுக் குண்டுகள் உட்காரும். மூடிய பள்ளம் குண்டைவிட நீளமாக இருப்பதால் பிட் முன்னும் பின்னும் நழுவலாம், கழல முடியாது. பிரேக்கரின் காலரும் கொண்டியும் செய்ததை விரல் தடிமனில் செய்து காட்டிய வடிவம் இது. இந்த வரிசையில் இதைவிட அழகான தீர்வு வந்ததாகச் சொல்ல முடியாது.

கேள்வி: ரிடெய்னர் உடைந்தால் கட்டுக்கம்பி சுற்றிச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. கட்டுக்கம்பி நீண்டு கொடுக்காது, அறுந்துவிடும். அறுந்தால் உளி ஆளை நோக்கியும் பாயும். ரிவெட் சுத்தியல்களில் முன்னால் மறிப்பு இல்லாவிட்டால் பிஸ்டனே குழலிலிருந்து வெளியே பறக்கும். அடித்து இயங்கும் காற்றுக் கருவிகளில் உளி எதிர்பாராமல் வெளியேறாதபடி பாதுகாப்புக் கிளிப்போ ரிடெய்னரோ உறுதியாகப் பொருத்திப் பராமரிக்கப்பட வேண்டும் என்று அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதியே தனியாகச் சொல்கிறது.

பூட்டு சீக்கிரம் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், நுனியை ஊன்றாமல் டிரிகரை அழுத்தும் பழக்கம். அடுத்த காரணம் தேய்ந்த புஷ். ஷாங்க் சாய்ந்தால் பிஸ்டன் கோணலாக அடிக்கும், பின்முனை காளான்போல் விரியும், காலரின் ஒரு பக்கம் மட்டும் பூட்டில் இடிக்கும். உளியை மாற்றும் முன் வால்வை மூடி, நுனியைத் தரையில் ஊன்றியபடி டிரிகரை அழுத்திக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றிவிட வேண்டும். புதிய ஸ்பிரிங்கோ கொண்டியோ வாங்கப் போகிறவர்கள், கருவியின் பெயரை மட்டும் சொல்லாமல் பழைய உளியையும் கையோடு எடுத்துச் செல்லவும்.