இராமநாதபுரம் வெள்ளை ஆடு: நல்ல கிடாவை விற்காதீர்கள்

இராமநாதபுரம் மாவட்டம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு பயிர் கருகிவிடும். அந்த ஆண்டிலும் சிறு விவசாயியின் கையில் காசு தருவது ஆடுதான். இங்கு தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வரும் செம்மறி இனம் 'இராமநாதபுரம் வெள்ளை' ஆகும்.

இனத்தின் சிறப்பு

நடுத்தர உடல், மெலிந்து நீண்ட கால்கள், குட்டை வால் ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலும் வெள்ளை நிறம். சிலவற்றில் கறுப்புத் திட்டுகள் உண்டு. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. கம்பளி இல்லாத உடல் வெயிலுக்கு ஏற்றது. நெடுந்தூரம் நடந்து, தரிசிலும் அறுவடைத் தாளிலும் மேய்ந்து வளரும். கிடை போட்டால் வயலுக்கு எருவும் கிடைக்கும். வெப்பமும் வறட்சியும் கூடிவரும் காலத்தில் இக்குணங்கள் விலை மதிப்பற்றவை. நம் பகுதியின் கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகளுக்கும் இது பொருந்தும்.

ஆபத்து எங்கே?

நன்கு வளர்ந்த கிடாக்குட்டிகள் பக்ரீத்துக்கும் கோவில் விழாவுக்கும் முதலில் விலை போகின்றன. மந்தையில் தங்கும் நோஞ்சான் கிடாவே இனத்தைப் பெருக்குகிறது. சிலர் பெரிய உடலை விரும்பி வெளியினக் கிடாவைச் சேர்க்கின்றனர். முதல் தலைமுறைக் குட்டி எடை கூடித் தெரியலாம். அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்த ஏற்றம் குறையும். பெரிய உடலுக்குத் தீவனமும் தண்ணீரும் அதிகம் வேண்டும். வறட்சியில் இரண்டுக்கும் எங்கே போவது?

கிடாக் கணக்கு

100 பெட்டைகளுக்கு ஒரே கிடா என்றால் எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பன் ஒன்றே. பரம்பரைக் கணக்கில் அம்மந்தை, ஆணும் பெண்ணும் சமமாக உள்ள 4 ஆடுகளுக்கே சமம். 4 கிடாக்கள் இருந்தால் இது சுமார் 15 ஆக உயரும். ஆகவே இனத்தைக் காப்பதில் கிடாவின் பங்கு பெரிது.

செய்ய வேண்டியவை

1. விற்பனைக்கு முன்பே, 3 மாதத்திலும் 6 மாதத்திலும் எடை பார்த்து, நல்ல பால் உள்ள தாயின் கிடாக்குட்டியைத் தேர்ந்தெடுக்கவும். விதைகள் இரண்டும் சம அளவில் இருக்க வேண்டும்.

2. 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா விடவும். 5, 10 ஆடு வைத்திருப்போர் அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து ஒரு கிடாவை வைத்துக்கொள்ளலாம்.

3. கிடா ஈன்ற பெட்டைக்குட்டிகள் பருவத்துக்கு வருமுன், அதாவது ஒன்றரை ஆண்டுக்குள், உறவில்லாத மந்தையின் அதே இனக் கிடாவுடன் மாற்றிக்கொள்ளவும்.

4. புதுக் கிடாவை 3 வாரம் தனியே கட்டிக் கவனிக்கவும். குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்குத் தடுப்பூசி போட்ட பின்னரே மந்தையில் சேர்க்கவும்.

5. விழாவுக்கு விற்கும் கிடாக்களைப் பெட்டைகளுடன் விடாமல் பிரித்து வளர்க்கவும்.

1984இல் தொடங்கப்பட்டு கர்னாலில் இயங்கும் தேசிய கால்நடை மரபுவள அமைப்பு நாட்டின் இனங்களைப் பதிவு செய்து வருகிறது. 2007இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் முயற்சியில் உலக நாடுகள் இதற்கென ஒரு செயல்திட்டமும் வகுத்தன. ஆயினும் இனம் வாழ்வது ஏட்டில் அல்ல, உங்கள் கிடையில்தான். நல்ல கிடா ஒன்றை விற்காமல் வைத்தால் அன்றைய பணம் தள்ளிப்போகும். ஆனால் அடுத்த ஈற்றில் மந்தை முழுவதும் தேறும். இனம் கலந்து அழிந்தபின் எந்தச் சந்தையிலும் அதை விலைக்கு வாங்க முடியாது. கிடா தேர்வில் ஐயம் இருப்பின் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அணுகவும்.